யாருக்குச் சம்பளம், யாருக்குப் பயணச் செலவு?

இலங்கையின் வடக்கே, வன்னியில், பரந்தன் – முல்லைத்தீவு வீதியை அண்டிய மூன்று கிராமங்களில் மாலை நேர வகுப்பு நடத்தும் ஒரு சங்கத்தை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு தொண்டர்கள். பலர் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருப்பவர்கள். வேலை கிடைக்காத பட்டதாரிகள் இரண்டு மூன்று பேர். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். வகுப்போடு இன்னொரு வேலையும் செய்கிறார்கள். போரில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுப் படுக்கையில் இருப்பவர்கள், தனித்துப்போன முதியவர்கள் என்று பதினான்கு வீடுகளுக்கு வாரம் ஒருமுறை போய்வருகிறார்கள். இதுவரை யாருக்கும் ஒரு சதம் கொடுத்ததில்லை. இப்போது கனடாவில் இருக்கும் ஊரவர்கள் மாதம் ஓர் இலட்சம் ரூபா வீதம் இரண்டு ஆண்டுகளுக்குத் தருகிறோம் என்கிறார்கள். நல்ல செய்திதான். ஆனால் அந்தச் செய்தி வந்த அன்றே சங்கத்தில் முதல் மனக்கசப்பும் வந்துவிடும்.

சங்கம் கற்பனை. நிலைமை கற்பனை அல்ல. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் சங்கப் பொறுப்பில் இருக்கும் பலருக்கு இந்தப் பணத்தைப் பற்றிப் பேசக் கூடும் கூட்டம் எப்படி நடக்கும், யார் முதலில் எழும்பிப் பேசுவார், யார் பேசாமல் இருந்துவிட்டு அடுத்த வாரம் வராமல் விடுவார் என்பதெல்லாம் தெரிந்திருக்கும்.

அவர்கள் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. எல்லோரும் முன்போலவே சம்பளமின்றிச் செய்வது. பன்னிரண்டு பேருக்கும் சிறு கொடுப்பனவு தருவது. ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தி மற்றவர்களைத் தொண்டர்களாகவே வைத்திருப்பது. தொண்டர் முறையைக் கைவிட்டு மூன்று பேரை முழுநேர ஊழியர்களாக்குவது. இவற்றை எடைபோட நான் இரண்டு கேள்விகளையே கேட்பேன். ஒரே வேலையை ஒரே இடத்தில் ஒருவர் சம்பளத்துக்கும் மற்றவர் சும்மாவும் செய்யும் நிலை வருமா? ஆள் ஒருநாள் வராவிட்டால் யாருக்கு என்ன கேடு?

எல்லோரும் சம்பளமின்றித் தொடர்வதில் ஒரு கம்பீரம் இருக்கிறது, அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. வன்னியில் நினைவில் நிற்கும் பொதுப்பணிகள் பல இப்படித்தான் நடந்தன. 1970களில் வவுனியாவை மையமாகக் கொண்டு மருத்துவர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் நடத்திய காந்தீயம் அமைப்பு, 1977 இனக்கலவரத்துக்குப் பின் தெற்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்த குடும்பங்களைக் குடியமர்த்தியபோது அதன் பின்னால் இருந்தது இளைஞர்களின் உழைப்பு. 2004 மார்கழி 26 சுனாமியன்று முல்லைத்தீவுக் கரையைக் கடல் அள்ளிக்கொண்டு போனபோது நிறுவனங்களின் வாகனங்கள் வருவதற்கு முன்பே அயலவர்கள் வந்துவிட்டார்கள். 2008 புரட்டாதியில் போரின் நடுவே அரசாங்கம் சர்வதேச நிறுவனங்களை வன்னியை விட்டு வெளியேறச் சொன்ன பிறகு, உள்ளூர்ப் பணியாளர்கள் பலர் சனத்தோடு சனமாக இடம்பெயர்ந்தார்கள். அந்த நாட்களில் யார் ஊழியர், யார் தொண்டர் என்று கணக்குப் பார்க்க எவருக்கும் நேரம் இருக்கவில்லை.

ஆனால் அனர்த்தக் காலத்து மனநிலையை வைத்து ஒவ்வொரு செவ்வாய்க்கிழமைக்கும் திட்டம் போட முடியாது. காலபோக நெல் அறுவடை தொடங்கினால் பாதித் தொண்டர்கள் வயலில் நிற்பார்கள், நிற்கவும் வேண்டும். பல்கலைக்கழகம் திறந்தால் நால்வர் ஒரே வாரத்தில் போய்விடுவார்கள். அரசாங்கத்தின் அபிவிருத்தி உத்தியோகத்தர் நியமனம் வந்தால் பட்டதாரிகளும் போய்விடுவார்கள். வகுப்பு ஒரு கிழமை நடக்காவிட்டால் பிள்ளைகள் விளையாடிவிட்டுப் போவார்கள், பெரிய நட்டமில்லை. முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவருக்கு வரும் படுக்கைப் புண் அப்படிக் காத்திருக்காது. இரண்டு வாரம் யாரும் பார்க்காத புண் வைத்தியசாலைக்குப் போகும் புண்ணாகிவிடும்.

இந்த வழியில் இன்னொரு குறை வெளியே தெரியாமல் கிடக்கிறது. சம்பளமில்லாமல் வேலை செய்ய முடிந்தவர் யார்? வீட்டில் வேறு வருமானம் இருப்பவர். தாய் மட்டும் உழைக்கும் வீட்டிலிருந்து வரும் பெண்பிள்ளைக்குத் தொண்டு செய்ய ஆசை இருக்கும். பஸ் காசு இருக்காது. அந்தப் பிள்ளை நான்கு முறை வந்துவிட்டு ஐந்தாம் முறை ஏதோ சாட்டுச் சொல்லி நின்றுவிடும். நாங்கள் அதை ஆர்வமின்மை என்று எழுதிவைப்போம். இப்படியே போனால் ஏழைகளுக்கான சங்கத்தில் ஏழைகள் பயனாளிகளாக மட்டுமே இருப்பார்கள்.

இனி இரண்டாவது வழி. பன்னிரண்டு பேருக்கும் தலா 5,000 ரூபா, மொத்தம் 60,000. கூட்டத்தில் அதிகம் பேர் கை உயர்த்துவது இதற்குத்தான். யாரையும் பிரித்துப் பார்க்கவில்லை, யாருக்கும் மனவருத்தம் இல்லை, கனடாவுக்கும் விளங்கப்படுத்துவது இலகு. நான் கடுமையாக எதிர்ப்பதும் இதைத்தான்.

யூரி நீசி, ஆல்டோ ரஸ்டிச்சினி என்ற இரு பொருளியலாளர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று இருக்கிறது. இஸ்ரேலில் பாடசாலை மாணவர்கள் வீடு வீடாகப் போய் நல்ல காரியங்களுக்குப் பணம் சேர்ப்பார்கள். ஒரு பகுதியினருக்கு எதுவும் கொடுக்கப்படவில்லை. இன்னொரு பகுதியினருக்குச் சேர்த்த தொகையில் நூற்றுக்கு ஒன்று, மூன்றாவது பகுதியினருக்கு நூற்றுக்குப் பத்து. அதிகம் சேர்த்தவர்கள் எதுவும் பெறாதவர்கள். மிகக் குறைவாகச் சேர்த்தவர்கள் நூற்றுக்கு ஒன்று பெற்றவர்கள். போதிய அளவு கொடு, இல்லாவிட்டால் கொடுக்கவே கொடுக்காதே என்பதுதான் அந்த ஆய்வு சொன்ன செய்தி.

இஸ்ரேல் வரை போகத் தேவையில்லை, இங்கேயே பார்க்கலாம். போருக்குப் பிறகு நிறுவனங்கள் வேலைக்குக் காசு என்ற திட்டங்களோடு வந்தன. குளக்கட்டைத் துப்புரவாக்கவும், வாய்க்காலை வெட்டவும், தன் காணிப் பற்றையை வெட்டவும்கூட நாட்கூலி கிடைத்தது. மெனிக்பாம் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய குடும்பங்களுக்கு அந்தக் காசு உயிர் காத்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நிறுவனங்கள் போன பிறகு கிராம அபிவிருத்திச் சங்கம் சிரமதானத்துக்கு, அதாவது கூலியில்லாப் பொதுவேலைக்கு, அழைத்தபோது என்ன நடந்தது என்பதையும் பார்த்தோம். நான் அறிந்த கிராமங்களில் முதல் கேள்வி, "நாளுக்கு எவ்வளவு?" என்பதாகவே இருந்தது. மக்கள் கெட்டுப்போனார்கள் என்று இதற்குப் பொருளில்லை. ஒருமுறை விலை போட்ட வேலைக்கு மறுமுறை விலை கேட்பது இயல்பு.

ஐயாயிரம் என்ற தொகையை எதோடு ஒப்பிடுவார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். 2025இல் திருத்தப்பட்ட சட்டப்படி தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2026 தை மாதம் முதல் 30,000 ரூபா. ஐயாயிரம் அதில் ஆறில் ஒன்று. சும்மா செய்த காலத்தில் தன் மனச்சாட்சிக்குப் பதில் சொன்ன தொண்டர், இப்போது ஐயாயிரத்துக்கு எவ்வளவு வேலை நியாயம் என்று கணக்குப் போடத் தொடங்குவார். செயலாளரும் தன் பக்கத்தில் அதே கணக்கைப் போடுவார்: காசு வாங்குகிறார், ஏன் சனிக்கிழமை வரவில்லை? இரண்டு பேரும் நியாயமாகத்தான் பேசுவார்கள். சங்கம் சந்தையாகிவிடும்.

இந்த வழியின் இன்னோர் ஆபத்து எதிர்பார்ப்பு. வடக்கில் தொண்டர் ஆசிரியர்கள் என்ன ஆனார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். போர்க்காலத்தில் ஆசிரியர் இல்லாத பாடசாலைகளில் பெயரளவு கொடுப்பனவுக்கோ அதுவுமின்றியோ ஆண்டுக்கணக்காகப் படிப்பித்தவர்கள், பிறகு நிரந்தர நியமனம் கேட்டு வீதியில் நின்றார்கள். சுகாதாரத் தொண்டர்களும் நின்றார்கள். அவர்கள் கேட்டதில் முழு நியாயம் இருந்தது. நிரந்தரம் ஆகும் என்ற நம்பிக்கையை வளர்த்துவிட்டு, எழுத்தில் எதையும் கொடுக்காமல் வேலையை வாங்கியவர்கள் மீதுதான் தவறு. மாதக் கொடுப்பனவு அதே நம்பிக்கையைச் சிறிய அளவில் விதைக்கும். இரண்டு ஆண்டுகள் முடிந்து கனடாப் பணம் நிற்கும் மாதத்தில் பன்னிரண்டு பேரும் ஒரே நாளில் இழப்பார்கள். மறுநாள் முன்போல் சும்மா வருவார்கள் என்று எவராவது நம்பினால் அவருக்கு வன்னி தெரியாது.

சட்டமும் இருக்கிறது. நேரம் குறித்து, கட்டளையிட்டு, மாதாமாதம் பணம் கொடுத்தால், நாங்கள் அதற்கு ஊக்கத்தொகை என்று பெயர் வைத்தாலும் அது வேலை உறவுதான் என்று வாதிட இடமுண்டு. ஏதாவது பிணக்கு வரும்வரை இது யாருக்கும் நினைவு வராது.

கொடுப்பனவையும் செலவை ஈடுசெய்வதையும் ஒன்றாகக் குழப்பக்கூடாது. பெற்றோல், பஸ் காசு, தொலைபேசி, பின்னேரத் தேநீர் ஆகியவற்றைத் தொண்டரின் சட்டைப்பையிலிருந்து எடுப்பது அநியாயம். போன தூரத்துக்குக் குறித்த வீதம், தலைவருக்கும் புதிதாகச் சேர்ந்த தங்கச்சிக்கும் ஒரே வீதம், கையொப்பத்தோடு. வராத வாரத்துக்கு ஒன்றும் இல்லை. மேலே சொன்ன பஸ் காசில்லாப் பிள்ளை ஐந்தாம் முறையும் வருவதற்கு இது போதும். சம்பளம் என்ற மயக்கமும் இதில் வராது.

நான்காவது வழியைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம், கணக்கே அதை முடித்துவிடுகிறது. மூவருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 90,000. ஊழியர் சேமலாப நிதிக்கு வேலைகொள்வோர் பங்கு நூற்றுக்கு 12, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3, ஆக 13,500. மொத்தம் 1,03,500. இலட்சம் தாண்டிவிட்டது, மருந்துத் துணிக்கும் பயிற்சிப் புத்தகத்துக்கும் ஒரு சதம் மிஞ்சவில்லை. பத்துக்குக் குறைவான ஊழியர்கள் உள்ள தரும நிறுவனங்களுக்குச் சேமலாப நிதியில் விலக்கு உண்டு. அந்த விலக்கைப் பயன்படுத்தித் தப்பிக்கொள்வது எனக்கு உவப்பில்லை. ஊரவருக்கு உழைக்கும் சங்கம் தன் ஊழியருக்கு முதுமைக்கு ஒன்றும் வைக்காமல் விடுவது நன்றாக இல்லை.

எல்லோருக்கும் சம்பளம் என்பதே சரியான வழியாக இருக்கும் துறைகளும் வன்னியில் உண்டு. கண்ணிவெடி அகற்றும் வேலையைப் பாருங்கள். ஹலோ டிரஸ்ட் போன்ற நிறுவனங்களில் வேலை செய்பவர்களில் கணிசமானோர் உள்ளூர்ப் பெண்கள். அவர்களில் பலர் குடும்பத்தைத் தனியாகத் தாங்குகிறவர்கள். பயிற்சி, கவசம், காப்புறுதி, மாதச் சம்பளம் எல்லாம் உண்டு. அந்த வேலைக்குத் தொண்டர் தேடுவோமா? தவறினால் ஆளுக்குக் கேடு வரும் வேலையைச் சம்பளத்துக்கும் பொறுப்புக்கும் உட்படுத்தத்தான் வேண்டும். இந்த அளவுகோலை எங்கள் சங்கத்துக்குள்ளும் கொண்டுவந்தால் மூன்றாவது வழியின் வடிவம் மாறும்.

மூன்றாவது வழியில் வழக்கமாக என்ன செய்வார்கள்? ஓர் இணைப்பாளரை எடுப்பார்கள். மேசை, கதிரை, மடிக்கணினி. அவர் அறிக்கை எழுதுவார், தொண்டர்கள் ஓடித் திரிவார்கள். மூன்று மாதத்தில் "சம்பளம் வாங்குகிறவர்தானே, அவரே செய்யட்டும்" என்ற பேச்சு வரும். இணைப்பாளர் பக்கத்திலும் குறை உண்டு. "தொண்டர் வராவிட்டால் கேட்க முடியாது, நான் வராவிட்டால் சம்பளத்தில் வெட்டு" என்பார். அதுவும் உண்மை.

என் தெரிவு இதுதான்: சம்பளத்தை மேசைக்குக் கொடுக்காமல் அந்தப் பதினான்கு வீடுகளுக்குக் கொடுங்கள். பராமரிப்பில் பயிற்சி பெற்ற ஒருவரை, அல்லது பயிற்சி பெறத் தயாரான ஒருவரை, 45,000 ரூபாவுக்கு அமர்த்துங்கள். இரு நிதிகளுக்குமான 6,750 ரூபாவோடு 51,750 ஆகும். காலையில் ஒரு நாளைக்கு மூன்று வீடு. புண் பார்ப்பது, மருந்து முடிகிறதா என்று பார்ப்பது, தேவையானால் வைத்தியசாலைக்குச் சொல்வது. பிற்பகலில் தொண்டர்களின் அட்டவணை, வரவுப் பதிவு, பற்றுச்சீட்டுகள். மீதி 48,250 ரூபாவில் பன்னிரண்டு பேருக்கும் சராசரி 2,000 வீதம் பயணச் செலவு போனாலும் 24,250 மிஞ்சும். அது புத்தகத்துக்கும் மருந்துத் துணிக்கும் அந்த ஊழியரின் பெற்றோலுக்கும்.

தொண்டர்கள் வீடுகளுக்குப் போவதை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் செய்வது வேறு வேலை: பத்திரிகை வாசித்துக் காட்டுவது, பிரதேச செயலகப் படிவம் நிரப்பிக் கொடுப்பது, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குச் சக்கர நாற்காலியோடு கூட்டிப் போவது. சம்பள ஊழியர் அதைச் செய்தால் நோயாளி அதைச் சேவையாக எடுத்துக்கொள்வார். பக்கத்துத் தெருப் பிள்ளை செய்தால் ஊர் தன்னை மறக்கவில்லை என்று நினைப்பார். அதேபோல் அந்த ஊழியர் மாலை வகுப்பில் கணிதம் படிப்பிக்கப் புகக்கூடாது. புகுந்தால் பக்கத்தில் சும்மா படிப்பிக்கிறவருக்குத் தான் ஏமாளியோ என்ற எண்ணம் வரும்.

ஒரே வேலைக்கு இரண்டு விலை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு முன்பள்ளிகளே சாட்சி. போருக்குப் பின் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் போன முன்பள்ளி ஆசிரியைகளுக்கு அரசாங்கச் சம்பளம். அடுத்த கிராமத்தில் மாகாணத்தின் கீழ் இருந்தவருக்கு அதில் சிறு பங்களவே கொடுப்பனவு. இருவரும் அதே பாட்டைத்தான் பாடிக் காட்டினார்கள். படைத்துறையோடு தொடர்புள்ள திணைக்களம் என்ற அரசியல் கேள்வி வேறு. அதை ஒருபுறம் வைத்தாலும், ஒரே தொழிலில் இருந்த பெண்கள் இரண்டு கூறாகப் பிரிந்தார்கள். பிரித்தானியாவில் தொழிற்சங்கப் பேரவையும் தொண்டர் அமைப்பொன்றும் 2009இல் சேர்ந்து எழுதிய சாசனத்தில், தொண்டர்களின் வேலை ஊழியர்களின் வேலைக்குத் துணையாக இருக்க வேண்டும், அவர்களின் இடத்தைப் பிடிக்கவோ சம்பளத்தைக் குறைக்கவோ தொண்டர்களைப் பயன்படுத்தக்கூடாது என்று இருக்கிறது. அங்கே அது ஊழியரைக் காப்பதற்கு எழுதியது. இங்கே தொண்டரைக் காப்பதற்கும் அதுவே தேவைப்படுகிறது.

இந்த வழியிலும் சிக்கல்கள் இருக்கின்றன. ஆளைத் தெரிவு செய்வதுதான் பெரிய சிக்கல். பன்னிரண்டு பேரில் ஒருவரை நிர்வாகக் குழு கூப்பிட்டுக் கொடுத்தால் பதினொரு பேரின் முகம் மாறும். மூன்று கிராமங்களிலும் அறிவித்தல் ஒட்டுங்கள், நேர்முகத்தில் சங்கத்துக்கு வெளியே ஒருவரை இருத்துங்கள், ஓய்வுபெற்ற கிராம அலுவலரோ தாதியோ. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கூட்டங்களில் யாரும் சொல்வதில்லை. சும்மா செய்யும் வேலைக்கு மலையக வம்சாவளிக் குடும்பத்துப் பிள்ளைகளைக் கூப்பிடுகிறோம். சம்பள வேலை வந்தவுடன் ஆங்கிலம், கணினி, அனுபவம் என்று நிபந்தனை போட்டு வேறு வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கிறோம். பதினான்கு வீட்டுக்கும் போய்வரத் தேவையில்லாத தகைமையை விளம்பரத்தில் எழுதாதீர்கள்.

வயது அடுத்த சிக்கல். ஊழியருக்கு இருபத்தாறு வயது, தொண்டராக வரும் ஆசிரியர் அவருக்கே படிப்பித்தவர். "சேர், நீங்கள் ஏன் வரவில்லை?" என்று அந்தப் பிள்ளையால் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. "சேர், செவ்வாய் வர முடியாவிட்டால் ஞாயிறு சொல்லிவிடுங்கள், வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்ல முடியும். அட்டவணையை மாதம் ஒருமுறை எல்லோரும் கூடியிருந்து போட்டுச் சுவரில் ஒட்டினால் ஊழியர் யாருக்கும் கட்டளையிட வேண்டிய தேவை வராது. சுவரைப் பார்த்து எவரும் கோபிப்பதில்லை.

ஊழியருக்கு எத்தனை மேலாளர்கள் என்பதையும் முதலிலேயே தீர்த்துவிடுங்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் தொண்டர்கள், மூவரும் அவருக்கு மேலே. தலைவர் ஒன்று சொல்வார், பொருளாளர் இன்னொன்று. இது போதாதென்று ரொறன்ரோவிலிருந்து இரவு பதினொரு மணிக்கு ஒருவர் வைபரில் படம் கேட்பார். ஊழியர் பதில் சொல்வது செயலாளருக்கு மட்டும் என்று நியமனக் கடிதத்தில் எழுதி, அதன் பிரதியைக் கனடாவுக்கும் அனுப்பினால் பாதித் தலையிடி குறையும். அதே கடிதத்தில் இரண்டு ஆண்டு முடியும் திகதியையும் போடுங்கள். பிறகு பார்ப்போம், ஏதாவது செய்வோம் என்று வாயால் சொல்லாதீர்கள்.

கடைசியாகக் கொடையாளர். புலம்பெயர்ந்த ஊரவர்களில் பலர், "சம்பளத்துக்கென்றால் தரமாட்டோம், முழுக்காசும் சனத்துக்கே போகவேண்டும்" என்பார்கள். ஒருகாலத்தில் நிறுவனங்களின் வாகனங்களையும் விடுதிச் செலவுகளையும் பார்த்து வந்த வெறுப்பு அது, காரணமில்லாததும் அல்ல. அவர்களுக்குச் சம்பளம் என்ற தலைப்பில் கணக்கு அனுப்பாமல், பதினான்கு வீடுகளுக்கு மாதம் ஐம்பத்தாறு பராமரிப்பு வருகைகள், ஒரு வருகைக்கு ஏறத்தாழ 925 ரூபா என்று அனுப்புங்கள். ஏமாற்றும் வேலையில்லை, காசு உண்மையிலேயே போகும் இடம் அதுதான். அப்படியும் மறுத்தால் இரண்டாவது வழிக்கு இறங்காதீர்கள். பயணச் செலவுக்கும் பொருட்களுக்கும் மட்டும் பணத்தைக் கேளுங்கள், மூன்று வகுப்பு மையங்களில் ஒன்றை மூடுங்கள், அங்கே நின்ற நால்வரையும் சோடி சோடியாக வீடுகளுக்கு அனுப்புங்கள். அறுவடைக் காலத்துக்கு மாற்றாள் யார் என்பதை ஐப்பசி விதைப்பு முடியும்போதே பெயர் போட்டு எழுதிவைத்துவிடுங்கள்.